நீர்த்துப்போன மருந்தும் நீரின் முனைவும்

(கல்விக் கழக மாணவர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மேனிலைப் பள்ளி வேதியியல் நூலில் உள்ள ஒரு பாடம். வேதிப் பிணைப்பு, மூலக்கூற்றின் முனைவுத் தன்மை என்பன அதன் தலைப்புகள். தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்து, விடைத்தாளில் எழுதி, மறுநாளே மறந்துவிடும் பாடங்களுள் இதுவும் ஒன்று என்று மாணவர்கள் கருதுகின்றனர். விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் வாழும் நாம் அவ்வாறு கருதுதல் தகாது. இப்பாடத்தில் வரும் பொருள்கள் நம் தாய் தந்தையர் நாள்தோறும் கையால் அள்ளிக் கலக்கும் பொருள்கள். அவற்றின் இயல்பை அறிவது நமக்கு உயிர் காக்கும் கல்வியாகும்.

பட்டாசு ஆலையில் விபத்து நேர்ந்ததும் நாளிதழ்களிலும் தேநீர்க் கடைகளிலும் இரண்டு காரணங்கள் அடிக்கடி சொல்லப்படுகின்றன. ஒன்று, மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது என்பது. மற்றொன்று, மருந்து நீர்த்துப்போயிருந்தது என்பது. உராய்வு எவர்க்கும் எளிதில் விளங்கும். நீர்த்துப்போதல் என்பதோ அத்துணை எளிதில் விளங்குவதன்று. நீர்த்துப்போதல் என்றால் வலிமை குன்றுதல் என்றே பொருள் கொள்வோம். நீர்த்த பால், நீர்த்த அமிலம் என்று சொல்லும்போது அப்பொருளே வருகிறது. நமத்துப்போன பட்டாசு வெடிக்காது என்பதும் நம் குழந்தைகள் தீபாவளியன்று கண்டறிந்த உண்மை. ஆகவே, ஈரம் ஏறிய மருந்து சாதுவான மருந்து என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை வேதிப் பிணைப்புப் பாடம் நமக்குக் காட்டுகிறது. இன்றைய உரையின் நோக்கமும் அதுவே.

முதலில் பிணைப்பு என்பது என்ன என்று பார்ப்போம். அணுக்கள் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து நிலைபெறுகின்றன. சில அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுக்கும், சில வாங்கிக்கொள்ளும். கொடுத்தது நேர் அயனி ஆகிறது. வாங்கியது எதிர் அயனி ஆகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து நிற்பது அயனிப் பிணைப்பு. நம் சோற்றுக்கு இடும் உப்பு இதற்குச் சான்று. கொடுக்காமலும் பறிக்காமலும் இரு அணுக்கள் ஓரிணை எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்வது சகப்பிணைப்பு. இக்கருத்தை அமெரிக்க அறிஞர் கில்பர்ட் லூயிஸ் 1916இல் வெளியிட்டார். உலோகங்களில் எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் உரிமையாகாமல் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவுகின்றன. இது உலோகப் பிணைப்பு.

இம்மூன்றையும் காண ஆய்வுக்கூடம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலையின் மருந்து அறையில் உள்ள பொருள்களை எண்ணிப் பாருங்கள். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் அயனிப் பிணைப்பு உடையது. கந்தகம் எட்டு அணுக்கள் வளையமாகச் சேர்ந்த சகப்பிணைப்பு மூலக்கூறு. அலுமினியத் தூள் உலோகப் பிணைப்பு உடையது. நூலில் மூன்று பக்கங்களில் தனித்தனியே உள்ளவை அந்த அறையில் ஒரே சல்லடையில் சேர்கின்றன.

பிணைப்பு மாறினால் பொருளின் குணமே மாறிவிடும் என்பதற்கு நம் வட்டாரத்தின் மற்றொரு தொழிலான தீப்பெட்டித் தொழிலே சான்று. பாஸ்பரஸ் என்பது ஒரே தனிமம். வெள்ளைப் பாஸ்பரஸில் நான்கு அணுக்கள் ஒரு சிறு நான்முகியாக நெருக்குண்டு நிற்கின்றன. பிணைப்புகளுக்கு இடையே உள்ள கோணம் 60 பாகையே. அந்த நெருக்கடியின் காரணமாக அது ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலேயே காற்றில் தீப்பற்றிவிடும். சிவப்புப் பாஸ்பரஸில் அதே அணுக்கள் நீண்ட தொடராகப் பிணைந்து நெருக்கடி தணிந்து நிற்கின்றன. அது தீப்பற்ற 200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். வெள்ளைப் பாஸ்பரஸ் கொடிய நஞ்சுமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தீப்பெட்டித் தொழிலாளர்களின் தாடை எலும்பை அது அரித்துத் தின்றது. 1888இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிலாளப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளை விலக்க உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியது 1923இல். ஆகவே நம் ஊரில் தொழில் பிறக்கும் முன்பே அந்த நஞ்சு விலக்கப்பட்டுவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் தொழிலாளர் பட்ட துன்பமும், அதன் காரணத்தை அறிந்த வேதியியலும், அதன்வழி வந்த சட்டமும் சேர்ந்து நம் பாட்டிமார்களின் தாடையைக் காத்தன என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி முனைவுத் தன்மைக்கு வருவோம். சகப்பிணைப்பில் எலக்ட்ரான் இணை பொதுவில் இருக்கிறது என்றோம். பொதுவில் இருப்பதனாலேயே சமமாகப் பங்கிடப்படுகிறது என்று கொள்ளலாகாது. சில அணுக்கள் எலக்ட்ரானைத் தம் பக்கம் இழுக்கும் ஆற்றல் மிக்கவை. இந்த ஆற்றலை எலக்ட்ரான் கவர்தன்மை என்கிறோம். லைனஸ் பாலிங் என்னும் அறிஞர் 1932இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். அவ்வளவுகோலில் ஹைட்ரஜனுக்கு 2.20, ஆக்ஸிஜனுக்கு 3.44. நீர் மூலக்கூற்றில் இவ்விரண்டும் பிணையும்போது எலக்ட்ரான் இணை ஆக்ஸிஜன் பக்கம் சாய்கிறது. அதனால் ஆக்ஸிஜன் முனை சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் முனைகள் சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. இதுவே முனைவு.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பிணைப்புகள் முனைவுற்றவையாக இருந்தாலே மூலக்கூறும் முனைவுற்றதாகிவிடாது. மூலக்கூற்றின் வடிவமும் கணக்கில் வரும். கரியமில வாயுவில் இரண்டு பிணைப்புகளும் முனைவுற்றவையே. ஆனால் மூன்று அணுக்களும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால், இருபுறத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடுகிறது. மூலக்கூறு முனைவற்றதாகிறது. கந்தக டை ஆக்சைடிலும் மூன்று அணுக்களே உள்ளன. ஆனால் அது வளைந்த வடிவம் உடையது. இழுப்புகள் ஈடாவதில்லை, மூலக்கூறு முனைவுற்றது. பட்டாசுப் புகையில் மூக்கும் தொண்டையும் எரிவது ஏன் என்றால், முனைவுற்ற இந்த வாயு அங்குள்ள ஈரத்தில் எளிதில் கரைந்து அமிலமாகிவிடுவதால்தான்.

நீரும் வளைந்த மூலக்கூறே. அதன் கோணம் 104.5 பாகை. இந்த வளைவு இல்லாவிடின் நீர் முனைவற்றதாகி, உப்பைக் கரைக்கும் ஆற்றலை இழந்திருக்கும். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அவர் கைபட்டதால் நீர் தீட்டாயிற்று என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எவர் அள்ளினாலும் நீரின் கோணம் அதே 104.5 பாகைதான் என்பதை வேதியியல் படித்த எந்தப் பிள்ளையும் அவர்களுக்குச் சொல்லியிருக்க முடியும். தீட்டு என்பது நீரின் பண்பு அன்று. அதைச் சொன்னவர் மனத்தின் பண்பு.

முனைவுற்ற நீர் என்ன செய்யும் என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சிறிது உப்பை நீரில் இட்டால் கரைகிறது. மண்ணெண்ணெயில் இட்டால் கரையாது. பாச்சை உருண்டை நீரில் கரையாது, மண்ணெண்ணெயில் கரையும். அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், பெரியோர் துணையோடு மட்டுமே இதைச் செய்தல் வேண்டும். உப்பு அயனிகளால் ஆனது. நீரின் எதிர்முனை நேர் அயனியைச் சூழ்ந்து இழுக்கிறது. நேர்முனை எதிர் அயனியைச் சூழ்ந்து இழுக்கிறது. கட்டு தளர்ந்து அயனிகள் பிரிந்து உலவுகின்றன. ஒத்த இயல்பு உடையதே ஒத்த இயல்பு உடையதைக் கரைக்கும் என்னும் விதி இதுவே.

இப்போது மருந்து அறைக்குத் திரும்புவோம். மாலையாகிவிட்டது. கலந்த மருந்தில் ஒரு பங்கு மிஞ்சிவிட்டது. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால், காலையில் நேரம் வீணாகாமல் இருக்கட்டும் என்று அதை மூடி வைக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை மிகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். இரவில் காற்றில் ஈரம் ஏறும். அந்த ஈரத்தில் ஒரு சிறு பகுதி மருந்தில் இறங்குகிறது.

கந்தகம் முனைவற்றது, நீருக்கு அது பணிவதில்லை. நைட்ரேட் உப்போ அயனிகளால் ஆனது. நீர்ப் படலத்தில் அது கரைந்து அயனிகளாகப் பிரிகிறது. அலுமினியம் இயல்பாகவே ஆக்ஸிஜனை நாடும் உலோகம். ஆயினும் அதன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று படிந்து அதைக் காத்து நிற்கிறது. நம் வீட்டு அலுமினியப் பாத்திரம் ஆண்டுக்கணக்கில் உழைப்பது அத்தோலினால்தான். உப்புக் கரைசல் அத்தோலை ஆங்காங்கே அரிக்கிறது. உள்ளிருக்கும் அலுமினியம் நீரோடும் நைட்ரேட்டோடும் வினைபுரிகிறது. நீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படலாம். நைட்ரேட் அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவும் முனைவுற்ற மூலக்கூறே. அது நீரில் கரைந்து காரத் தன்மையை உண்டாக்குகிறது. காரம் அலுமினியத்தின் ஆக்சைடு தோலை மேலும் கரைக்கிறது. தோல் கரையக் கரைய வினை விரைகிறது; வினை விரைய விரைய வெப்பம் மிகுகிறது; வெப்பம் மிக மிக வினை இன்னும் விரைகிறது.

கைப்பிடி அளவு மருந்தாக இருந்தால் அவ்வெப்பம் காற்றில் கலந்து போய்விடக் கூடும். குவியலாக மூடி வைத்த மருந்தில் வெப்பம் வெளியேற வழியில்லை. மணிக்கணக்கில் அது உள்ளேயே திரள்கிறது. குவியலின் உட்பகுதி தீப்பற்றும் அளவுக்குச் சூடேறிய நிலையில், காலையில் ஒரு தாய் வந்து மூடியைத் திறந்து கையை வைக்கிறாள். தீக்குச்சி இல்லை, உராய்வும் இல்லை. இரவெல்லாம் நிகழ்ந்த வேதிவினையே தீ மூட்டியது. நீர்த்துப்போன மருந்து என்பது இதுதான். அது வலிமை குன்றிய மருந்து அன்று. தனக்குத்தானே தீ மூட்டிக்கொள்ள ஆயத்தமாகிவிட்ட மருந்து. காரத் தன்மையை அடக்க மென் அமிலமாகிய போரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆயினும் அது மருந்தை இரவில் வைத்துக்கொள்ள வழங்கப்பட்ட உரிமம் ஆகாது.

அத்துணை வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். பிணைப்பு முறியும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று பலரும் எழுதுகின்றனர். அது தவறு. பிணைப்பை முறிக்க ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். அலுமினியம் ஆக்ஸிஜனோடு அமைக்கும் பிணைப்பு மிக வலியது. ஒரு மோல் அலுமினியம் ஆக்சைடு அதன் தனிமங்களிலிருந்து உண்டாகும்போது ஏறத்தாழ 1676 கிலோ ஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. கண்ணைப் பறிக்கும் ஒளியும் செவியைப் பிளக்கும் ஓசையும் அந்தப் புதுப் பிணைப்பின் விளைவே. எரியும் அலுமினியத் தூளின்மேல் வாளி நீரை ஊற்றினால், அது நீரிலுள்ள ஆக்ஸிஜனையும் பறித்து, எரியும் வாயுவாகிய ஹைட்ரஜனை விடுவிக்கும். தீயை அணைப்பதற்கு மாறாகத் தீயை வளர்த்ததாகவே முடியும்.

ஈரம் பகை என்றால் வறட்சி நட்பா என்று கேட்கலாம். அதுவும் இல்லை. கரிசல் பூமியின் கோடையில் காற்று வறண்டிருக்கும்போது நிலைமின்னூட்டம் என்னும் மற்றொரு பகை தலைதூக்குகிறது. இங்கும் முனைவுத் தன்மையே வழிகாட்டுகிறது. பருத்தி நூல் செல்லுலோஸால் ஆனது. அதில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைவுற்ற தொகுதிகள் நிறைய உள்ளன. அவை காற்றின் ஈரத்தைச் சிறிது பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவ்வீரத்தின் வழியே மின்னூட்டம் கசிந்து போய்விடுகிறது. பாலியெஸ்டர் துணி ஈரத்தை அவ்வளவாக ஏற்பதில்லை. உராயும்போது உண்டாகும் மின்னூட்டம் அதில் தங்கிப் பொறியாகத் தாவக் கூடும். ஆகவே மருந்து அறைக்குச் செல்வோர் பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். வாயிலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டு மின்னூட்டத்தை நிலத்தில் இறக்கிவிட்டே உள்ளே நுழைய வேண்டும். விலை மலிவு, துவைக்க எளிது என்று நம் பெண்கள் உடுத்திச் செல்லும் செயற்கை இழைச் சேலையைப் பற்றி வீட்டில் பேச வேண்டியவர்கள் இப்பாடத்தைப் படித்த பிள்ளைகளே.

வேதியியலைச் சட்டமும் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. கந்தகத்தோடு குளோரேட் உப்புகளைச் சேர்த்துச் செய்யும் வெடிபொருள்களுக்கு 1992இல் நடுவணரசு தடை விதித்தது. அக்கலவை சிறு உராய்வையும் தாங்காது என்பதே அதன் காரணம். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தலாகாது என்றும், சரவெடி கூடாது என்றும் ஆணையிட்டது. பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட் நீரில் கரைவது. உடலில் புகுந்தால் நஞ்சு. பேரியம் சல்பேட்டோ நீரில் கரையாதது. குடலை எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனையில் அதையே குடிக்கக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே பேரியம். அது எதனோடு சேர்ந்து நிற்கிறது, நீர் அக்கட்டைத் தளர்த்த முடிகிறதா என்பதே வேறுபாடு.

பெரியோர்களே! 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் உதவ ஓடியவர்களும் பார்க்கச் சென்றவர்களும் பலர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இப்படிப்பட்ட ஒவ்வொரு நாளும் நம் தெருக்களில் சங்கொலி கேட்கிறது. இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்படுகிறது. சில நாள்களில் அறைகள் மறுபடி திறக்கின்றன. விதி என்று சொல்லி நாமும் அமைந்துவிடுகிறோம். விதி என்பதற்கு முன் விதிமுறை பின்பற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாதவன் கேள்வி முணுமுணுப்பாகவே முடிந்துவிடும். காரணம் தெரிந்தவன், மிஞ்சிய மருந்தை அன்றே முறைப்படி அப்புறப்படுத்துங்கள், அதற்கான கூலியைக் குறைக்காதீர்கள் என்று தெளிவாகக் கேட்க முடியும்.

தலைமுறை தலைமுறையாகக் கையின் வேலை நமக்கு, அதன் கணக்கு பிறர்க்கு என்று பிரித்து வைத்தார்கள். மருந்தை அள்ளுபவர்க்கு அதன் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. வெள்ளைத் தூள், கறுப்புத் தூள் என்பதே அவர்கள் அறிந்த வேதியியல். 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்து, அபாயத் தொழிலில் இருந்த குழந்தைகளின் கல்விக்கு வழி செய்யப் பணித்தது. இன்று 18 வயது நிரம்பாத எவரும் பட்டாசு ஆலையில் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். அன்று ஆலைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகளின் மக்கள் இன்று மேனிலை வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் மதிப்பெண்ணுக்கு மட்டுமே படித்துச் சென்றுவிட்டால், பெற்றோர் அறிந்தது வெள்ளைத் தூள் என்ற அளவிலேயே நின்றுவிடும்.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது. இப்பாடத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கலந்த மருந்தை அன்றே முடிக்க வேண்டும், இரவில் வைக்கலாகாது என்று சொல்லுங்கள். மூடிய மருந்தில் மாட்டுக் கொட்டிலின் நெடி போன்ற அம்மோனியா நெடி வந்தாலோ, பாத்திரம் வெதுவெதுப்பாக இருந்தாலோ, கிளறாமலும் தொடாமலும் உடனே வெளியேறி மற்றவர்களையும் வெளியேற்றிப் போர்மேனுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். வெடித்த இடத்தை நோக்கி ஓடலாகாது என்று சொல்லுங்கள். அம்மா, அய்யா ஆகியோர்க்குப் பாடம் சொல்வதில் கூச்சம் வேண்டா. அவர்கள் அறிந்த தொழில் நுட்பத்தை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அறிந்த காரணத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். நம் கழகமும் திங்களுக்கு ஒருநாள் மாலையில் தொழிலாளர்களுக்காக வேதியியல் வகுப்பு ஒன்றை நடத்த முன்வர வேண்டும்.

மேலும் படியுங்கள். வங்கத்தில் சாதி அடுக்கில் தாழ்வாக வைக்கப்பட்ட எளிய குடும்பத்தில் 1893இல் பிறந்தவர் மேகநாத் சாகா. கல்லூரி விடுதியில் உடன் உண்ண மறுக்கப்பட்டவர் அவர். அணுவை விட்டு எலக்ட்ரான் பிரிவதைக் கணக்கிட்டு, விண்மீன்களின் ஒளியைப் படிக்கும் சமன்பாட்டை 1920இல் உலகுக்கு அளித்தார். நம் சிவகாசியிலேயே பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருக்கிறது. நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் பசுமைப் பட்டாசுகளை வடிவமைத்தது. அவ்விடங்களின் ஆய்வாளர் நாற்காலிகளிலும், ஆலைகளைத் தணிக்கை செய்யும் அலுவலர் பதவிகளிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். மருந்து அறையின் உள்ளே இருப்பவர் படும் பாட்டை அறிந்த ஒருவர் அந்த விதிமுறைகளை எழுதும் நாள் வர வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஏற்றி வைத்த விளக்கின் பயன், நம் வீட்டிலிருந்து காலையில் வேலைக்குச் செல்பவர் மாலையில் நலமாகத் திரும்பி வருவதிலும் இருக்கிறது. அப்பயனை நோக்கி நாம் அனைவரும் உழைப்போமாக.